நடந்து போகிற தூரத்தில் ஒரு பள்ளிக்கூடம்

சென்னை வந்ததிலிருந்து புதிதாக யார் அறிமுகமானாலும் ஊர், வேலை விசாரித்து முடித்ததும் அடுத்து வருகிற கேள்வி ஒன்றுதான். "பிள்ளைங்க எந்த ஸ்கூல்ல படிக்கிறாங்க?" நான் பெயரைச் சொல்வேன். கேட்டவருக்கு அந்தப் பெயர் தெரியாது. எங்கே இருக்கிறது, சிபிஎஸ்இயா, ஸ்டேட் போர்டா என்று கேட்டுவிட்டு, அரசு உதவி பெறும் பள்ளி என்று தெரிந்ததும் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். "அடுத்த வருஷம் மாத்திடலாம், கவலைப்படாதீங்க" என்று ஆறுதல் சொன்னவர்கள் உண்டு. என் பிரிவில் வேலை பார்க்கும் ஒரு மேடம், தனக்குத் தெரிந்த ஒரு கரஸ்பாண்டன்ட்டிடம் பேசி சீட் வாங்கித் தருவதாக நிஜமான அக்கறையோடு சொன்னார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் நாங்கள் வழியில்லாமல் அங்கே போய்ச் சேர்ந்துவிட்டோம் என்று எல்லோரும் தாங்களாகவே முடிவு செய்துகொள்கிறார்கள் இல்லையா, அது என்னைக் குடைந்துகொண்டே இருக்கிறது. நின்று பேச நேரமில்லாத லிப்டிலும் கேன்டீனிலும் சொல்ல முடியாத பதிலை இங்கே எழுதி வைக்கிறேன்.

2025 மே மாதம் பதவி உயர்வோடு எனக்கு கோவில்பட்டியிலிருந்து சென்னைக்கு மாறுதல் வந்தது. பொதுத்துறை இன்சூரன்ஸ் ஆபீஸ், போகாமல் இருக்க முடியாது. பெரியவள் நாலாம் வகுப்புப் போக வேண்டும், சின்னவன் யூகேஜி முடித்திருந்தான். மாறுதல் வாங்கி வருகிற எல்லோருக்கும் இருக்கிற சிக்கல் எங்களுக்கும் வந்தது. பேங்க், இன்சூரன்ஸ், ரயில்வே, எங்கே பார்த்தாலும் ஆர்டர் போடுவது ஏப்ரலிலிருந்து ஜூன் வரைக்கும்தான். இந்த ஊரில் பேர் பெற்ற தனியார் பள்ளிகளில் பலவும் முந்தைய வருடக் கடைசியிலேயே விண்ணப்பம் கொடுத்து, பொங்கல் முடிவதற்குள் பட்டியலை மூடிவிடுகின்றன. மே மாதம் போய் நின்றால் வாட்ச்மேனே "வேகன்சி இல்லம்மா" என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்.

என் வீட்டுக்காரர் முதலில் நினைத்தது கேந்திரிய வித்யாலயாவை. மத்திய அரசு ஊழியர்களுக்கு அடுத்தபடியாக மத்தியப் பொதுத்துறை ஊழியர்களின் பிள்ளைகளுக்கு அங்கே முன்னுரிமை உண்டு, அதற்குள்ளும் கடந்த ஏழு வருடங்களில் எத்தனை தடவை இடம் மாறினார்கள் என்று கணக்கு உண்டு. ஒன்றாம் வகுப்புக்கான பதிவு நாங்கள் வருவதற்குள் முடிந்துவிட்டது. நாலாம் வகுப்பில் இடம் காலியாக இருந்தால்தான் சேர்க்கை. சித்தப்பா ஒருவர் போன் செய்து எம்.பி. லெட்டர் வாங்கினால் கிடைக்கும் என்றார். அந்தக் கோட்டாவை 2022ஆம் ஆண்டே எடுத்துவிட்டார்கள், அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. எனக்கு அங்கே இன்னொரு தயக்கமும் இருந்தது, தமிழ் அங்கே வழக்கமான பாடமாக இல்லை. சரி, அந்தக் கதவு மூடியது என்று விட்டுவிட்டோம்.

வேளச்சேரியில் இருக்கும் பெரியம்மா மகன் சொன்ன யோசனை வேறு. "முதல்ல ஸ்கூலை முடிவு பண்ணு, அப்புறம் அதுக்குப் பக்கத்துல வீடு பாரு. இங்க எல்லாரும் அப்படித்தான்." யோசித்தால் அதில் நியாயம் இருக்கிறது. பள்ளியையும் வீட்டையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளத்தானே அவரும் சொல்கிறார். ஆனால் பெயர் பெற்ற பள்ளிகளைச் சுற்றி வாடகை எங்களுக்குக் கட்டுப்படியாகாது. அதுவும் போக, என் நாத்தனார் அயனாவரத்தில் இருக்கிறார், மாமியார் அவரோடும் எங்களோடும் மாறி மாறி இருப்பார், எனக்கு மவுண்ட் ரோட்டில் இருக்கும் ஆபீசுக்கு 23சி பஸ் இருக்கிறது. அதனால் வீடு அயனாவரம் என்பது முதலிலேயே முடிவாகிவிட்டது. பள்ளியைத்தான் வீட்டுக்குத் தகுந்தாற்போல் தேட வேண்டியிருந்தது. அப்போது அது பெரிய குறையாகப் பட்டது.

இன்டர்வியூ நடத்தக் கூடாது என்கிறது சட்டம்

தெரிந்தவர் மூலமாக முகப்பேர் பக்கம் ஒரு பெரிய பள்ளியில் எங்களைக் கூப்பிட்டார்கள். பெயர் வேண்டாம். ஏசி போட்ட வரவேற்பறை, கண்ணாடிக் கதவு, நீச்சல் குளம், சுவர் முழுக்கப் பரிசுக் கோப்பைகள். பிள்ளைகளை ஒரு அறைக்குக் கூட்டிப் போனார்கள், எங்களை இன்னொரு அறையில் உட்கார வைத்தார்கள். எங்கள் இருவரின் படிப்பு, வீட்டில் யார் பாடம் சொல்லிக்கொடுப்பது, வீட்டில் என்ன மொழி பேசுவோம், இதெல்லாம் கேள்விகள். எல்லாம் மரியாதையாகத்தான் கேட்டார்கள். அரை மணி நேரம் கழித்துப் பெரியவள் வெளியே வந்தாள். கையில் பென்சிலை இறுக்கிப் பிடித்திருந்தாள், திருப்பிக் கொடுக்க மறந்துவிட்டாள் போல. காரில் ஏறும் வரைக்கும் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "அம்மா, டெசிமல் போடத் தெரியலன்னா சேர்த்துக்க மாட்டாங்களா?" என்று கேட்டாள். மூன்றாம் வகுப்பு முடித்த பிள்ளைக்கு இன்னும் யாரும் டெசிமல் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை.

2009ஆம் ஆண்டு வந்த கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 13ஆம் பிரிவு, குழந்தையையோ பெற்றோரையோ வடிகட்டும் எந்தத் தேர்வும் சேர்க்கையின்போது நடத்தக் கூடாது என்கிறது. முதல் தடவை மீறினால் 25,000 ரூபாய் வரை அபராதம், அடுத்த ஒவ்வொரு தடவைக்கும் 50,000 வரை. நன்கொடை வாங்கினால் வாங்கியதைப் போலப் பத்து மடங்கு வரை அபராதம். இதை நான் படித்திருந்தேன். வீட்டுக்காரரிடமும் சொன்னேன். "சட்டம் பேசினா சீட் கிடைக்குமா?" என்றார். அவர் சொன்னது எனக்கு வருத்தம்தான், ஆனால் அந்த அறையில் உட்கார்ந்திருந்த எல்லாப் பெற்றோருக்கும் அதுதானே நிலைமை. பிள்ளை உள்ளே இருக்கும்போது வெளியே யாரும் சட்டம் பேச மாட்டோம். அந்தப் பயத்தில்தான் இது பதினைந்து வருடமாக ஓடிக்கொண்டிருக்கிறது.

இரண்டு பேருக்கும் சீட் இருக்கிறது என்று போன் வந்தது. தமிழ்நாட்டில் தனியார் பள்ளிகளின் கட்டணத்தை நிர்ணயிக்க 2009லேயே சட்டம் போட்டுக் குழு அமைத்திருக்கிறார்கள், ஓய்வு பெற்ற நீதிபதி ஒருவர் தலைமையில். எந்தப் பள்ளிக்கு எவ்வளவு என்பதை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். ஆனால் இந்தப் பள்ளியில் ரசீது போட்டு வாங்கும் தொகை ஒன்று, டிரஸ்டுக்கு என்று வாயால் சொன்ன தொகை வேறொன்று. இரண்டையும் கூட்டினால் எங்கள் இருவரின் மூன்று மாத வருமானத்தைத் தாண்டியது. வேன் தனி. இருந்தாலும் அந்த நேரத்தில் நாங்கள் கட்டிவிடுகிற மனநிலையில்தான் இருந்தோம். பி.எஃப். கடன் போடலாமா என்று பேச்சு ஓடியது. மனதை மாற்றியது பணம் இல்லை, மாடி வீட்டுப் பெண்.

ஐந்நூறு மணி நேரம்

எங்கள் மாடியில் குடியிருப்பவர்களின் மகள் அதே பள்ளியில்தான் படிக்கிறாள், என் மகள் வயதுதான். காலையில் ஏழு மணிக்கு முன்பே வேன் வந்துவிடும். மாலை ஐந்து மணிக்கு மேல்தான் திரும்புவாள். அயனாவரம், ஓட்டேரி, புரசைவாக்கம் என்று எங்கள் பக்கம் முழுக்க மெட்ரோ இரண்டாம் கட்டத்துக்காகச் சாலையை மறித்து வேலை நடக்கிறது, வேன் எங்கெங்கோ சுற்றிக்கொண்டு போகிறது. ஒரு நாள் மாலை வேன் வந்து நின்றபோது நான் வாசலில் இருந்தேன். பிள்ளை பையை மடியில் வைத்து அதன்மேல் கன்னத்தை அழுத்தித் தூங்கிக்கொண்டிருந்தாள். வேனில் வரும் ஆயா தோளைத் தட்டி எழுப்பினார். பையின் ஜிப் கன்னத்தில் வரிவரியாகப் பதிந்திருந்தது. இறங்கியதும் நேராக மாடிக்கு ஓடினாள். அவசரமாக பாத்ரூம் போக வேண்டும் என்று அவள் அம்மா சொன்னார். "ஸ்கூல்ல போக மாட்டா, அடக்கிட்டே வருவா. பழகிடுச்சு."

அன்று ராத்திரி நான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். போக வர ஒரு நாளைக்கு இரண்டரை மணி நேரம். கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி ஒன்று முதல் ஐந்து வகுப்புகளுக்கு வருடத்துக்குக் குறைந்தது 200 வேலை நாட்கள், 800 மணி நேரப் பாடம். 200 நாளுக்கு இரண்டரை மணி நேரம் என்றால் 500 மணி நேரம். 800 மணி நேரம் படிக்க 500 மணி நேரம் வேனில் உட்கார வேண்டும். காகிதத்தில் எழுதிய அந்த இரண்டு எண்களையும் வீட்டுக்காரரிடம் காட்டினேன். அவர் கணக்கு எழுதும் தொழிலில் இருப்பவர், எண்ணைப் பார்த்தால் யோசிப்பார். ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். கடன் பேச்சு அதோடு நின்றது.

இதே சட்டத்துக்காகத் தமிழ்நாடு 2011இல் போட்ட விதிகளில் தொடக்கப் பள்ளி ஒரு கிலோமீட்டருக்குள்ளும், எட்டாம் வகுப்பு வரையிலான பள்ளி மூன்று கிலோமீட்டருக்குள்ளும் இருக்க வேண்டும் என்று இருக்கிறது. சின்னப் பிள்ளை தன் காலால் நடந்து போகிற தூரம் அது. கிராமத்துக்காக எழுதியது என்று நினைத்துக்கொள்கிறோம், ஆனால் அது நகரத்துக்கு இன்னும் அதிகமாகப் பொருந்தும் என்று எனக்குத் தோன்றுகிறது. ஊர் மாறி வந்த பிள்ளைக்குத் தெருவில் யாரையும் தெரியாது, எந்தக் கடையில் என்ன கிடைக்கும் என்று தெரியாது, மழை பெய்தால் எந்த முக்கில் தண்ணீர் நிற்கும் என்று தெரியாது. பள்ளி பக்கத்தில் இருந்தால், வகுப்பில் பார்த்த முகத்தை மாவுக் கடையிலும் பார்க்கிறாள். மாடி வீட்டுப் பெண் இதே தெருவில் பிறந்தவள். என் மகள் விளையாடக் கூப்பிட்டபோது, தெருவில் தனக்கு யாரையும் தெரியாது என்று சொல்லித் தயங்கினாள். அவள் அம்மாவை நான் குறை சொல்லவில்லை. நல்லது செய்கிறோம் என்ற நினைப்பில் தன் நகையை வைத்துக் கட்டிய கட்டணம் அது.

வேன் விஷயத்தில் எனக்கு ஒரு பழைய பயமும் உண்டு. 2012 ஜூலையில் தாம்பரம் பக்கம் முடிச்சூரில் பள்ளிப் பேருந்தின் தரையில் இருந்த ஓட்டை வழியாக இரண்டாம் வகுப்புக் குழந்தை விழுந்து இறந்து போனாள். அப்போது எனக்குக் கல்யாணம்கூட ஆகவில்லை. அந்தச் செய்தியைப் படித்தது இன்னும் ஞாபகத்தில் இருக்கிறது. அதற்கப்புறம்தான் பள்ளி வாகனங்களுக்கென்று தனி விதிகள் வந்தன. விதி இருக்கிறது, நல்லபடியாக ஓட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். ஆனாலும் வேன் தெருமுனையில் திரும்பும் வரைக்கும் நெஞ்சு அடித்துக்கொள்ளும் அம்மாக்களில் நானும் ஒருத்தி.

பள்ளி விடுகிற நேரம்

ஜூன் 2ஆம் தேதி எல்லாப் பள்ளிகளும் திறந்துவிட்டன, எங்கள் பிள்ளைகள் வீட்டில் இருந்தார்கள். தெருமுனையில் இஸ்திரி வண்டி வைத்திருக்கும் அண்ணன்தான், "எம் பையன் இங்க மார்க்கெட்டுக்குப் பின்னாடி படிக்கிறான், போய்ப் பாருங்களேன்" என்றார். நான் அந்த வழியாகப் பல தடவை போயிருக்கிறேன், அங்கே ஒரு பள்ளிக்கூடம் இருப்பது என் கண்ணில் படவே இல்லை. ஓட்டுக் கூரை போட்ட பழைய கட்டடம், முன்னால் ஒரு புங்க மரம், பெயர்ப் பலகையில் பாதி எழுத்து மங்கியிருந்தது. ஒரு அறக்கட்டளை நடத்துகிறது, ஆசிரியர் சம்பளம் அரசு கொடுக்கிறது. சென்னையின் பழைய பகுதிகளில் இப்படி எத்தனையோ பள்ளிகள் உண்டு. நம் அப்பா தலைமுறையில் டாக்டர், வக்கீல், கணக்கர் என்று ஆனவர்களில் நிறையப் பேர் இந்த வகைப் பள்ளிகளில் படித்தவர்கள்தான். அரசுப் பள்ளியைப் பற்றியாவது ஆதரவாகவோ எதிராகவோ நாம் பேசுகிறோம், உதவி பெறும் பள்ளிகளைப் பற்றி யாரும் வாயே திறப்பதில்லை.

நான் போனது மாலை, பள்ளி விடுகிற நேரம். உள்ளே போகாமல் எதிர்ப்பக்கம் நின்றேன். இரண்டு டீச்சர்கள் கேட்டில் நின்று, கூட்டிப் போக வந்தவர் முகத்தைப் பார்த்துப் பார்த்துப் பிள்ளைகளை அனுப்பினார்கள். கால் மணி நேரத்தில் கூட்டம் கலைந்துவிட்டது. ஒரு பையன் மட்டும் மிச்சம், ஆறு ஏழு வயது இருக்கும். தலைமை ஆசிரியை வெளியே வந்தார், ஐம்பது வயதுக்கு மேல். "ஏன்டா, இன்னைக்கு ஆயா வரலியா? அப்பா சவாரியில இருக்காரா?" என்று கேட்டுக்கொண்டே படியில் உட்கார்ந்தார். பக்கத்தில் அவனை உட்கார வைத்து, பையிலிருந்து புத்தகத்தை எடுக்கச் சொன்னார். அவன் விரல் வைத்து வாசித்தான். ஒரு வார்த்தையில் நின்றான். அவர் சொல்லிக்கொடுக்கவில்லை, காத்திருந்தார். அவன் தானாகவே அதைத் தாண்டினான். அப்புறம் அடுத்த வரி. எனக்கு அந்த ஒரு நிமிடம் மிகவும் பெரியதாகத் தெரிந்தது. பள்ளி முடிந்துவிட்டது, அவர் வீட்டுக்குப் போக வேண்டும், மேசையில் எழுத வேண்டிய பதிவேடுகள் இருந்திருக்கும், ஆனாலும் அந்த வார்த்தைக்காகக் காத்திருக்க அவருக்கு நேரம் இருந்தது.

ஆட்டோ ஒன்று வேகமாக வந்து நின்றது. அவன் அப்பா இறங்கி, "மன்னிச்சுக்கோங்க மேடம், சென்ட்ரல்ல மாட்டிக்கிட்டேன்" என்றார். தாமதத்தைப் பற்றித் தலைமை ஆசிரியை ஒரு வார்த்தை பேசவில்லை. "இவன் 'ர'வையும் 'ற'வையும் மாத்தி மாத்தி எழுதுறான். வீட்டுல அதுக்காக அடிக்காதீங்க, நான் பாத்துக்கறேன். ராத்திரி சீக்கிரம் தூங்க வைங்க, அது போதும்" என்றார். அப்புறம்தான் என்னைப் பார்த்தார். "யாரைத் தேடுறீங்கம்மா?"

நான் சேர்க்கைக்காக வந்ததாகச் சொன்னேன். உள்ளே கூட்டிப் போனார். கழிவறையைக் காட்டச் சொன்னேன், காட்டினார். பழைய கட்டடம்தான், ஆனால் குழாயில் தண்ணீர் வந்தது, ஒவ்வொரு கதவிலும் தாழ்ப்பாள் இருந்தது, சின்னப் பிள்ளை கைக்கு எட்டும் உயரத்தில். பெரிய பள்ளியில் எங்களுக்கு நீச்சல் குளத்தைக் காட்டினார்கள், கழிவறையைக் காட்டவில்லை. குறைகளையும் அவரே சொன்னார். ஒரு ஆசிரியர் இடம் காலியாக இருக்கிறது, நிர்வாகம் தன் கையிலிருந்து சம்பளம் கொடுத்து ஒருவரை வைத்திருக்கிறது. தமிழ் வழிக்குக் கட்டணம் கிடையாது, ஆங்கில வழிப் பிரிவு சுயநிதியில் நடக்கிறது, அதற்குக் கொஞ்சம் கட்டணம் உண்டு. விளையாட்டு மைதானம் இல்லை, மரத்தடிதான். "ஆகஸ்ட் ஒன்னாம் தேதி வரைக்கும் யார் வந்தாலும் ஓடி ஓடிச் சேர்ப்போம்மா" என்றார். ஆகஸ்ட் 1 அன்று இருக்கும் மாணவர் எண்ணிக்கையை வைத்துத்தான் ஆசிரியர் பணியிடத்தைக் கணக்கிடுவார்கள். தொடக்கப் பள்ளியில் முப்பது பிள்ளைக்கு ஓர் ஆசிரியர். எண்ணிக்கை குறைந்தால் ஒரு இடம் உபரி என்று ஆகி, அந்த ஆசிரியர் வேறு பள்ளிக்குப் போக வேண்டும். ஆசிரியர் குறைந்தால் இன்னும் நாலு பேர் பிள்ளைகளை எடுத்துக்கொண்டு போவார்கள். நம்மைப் போன்றவர்கள் எட்டிப் பார்க்காமலே ஒதுங்கிப் போவதில்தான் இந்தப் பள்ளிகள் மெல்ல மெல்ல மூடிக்கொண்டிருக்கின்றன என்பது எனக்கு அந்த மேசைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தபோதுதான் உறைத்தது.

சேர்த்த பிறகு

சேர்க்கை சுலபமாக முடிந்தது. கோவில்பட்டிப் பள்ளியில் டி.சி. வாங்கும்போதுதான் ஒரு சின்ன இழுபறி, ஜூன் மாதத்து டேர்ம் கட்டணத்தையும் கட்டச் சொன்னார்கள். மாற்றுச் சான்றிதழ் என்பது கட்டண பாக்கியை வசூலிக்கும் கருவி இல்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூலையில் சொன்னதை வீட்டுக்காரர் எடுத்துச் சொன்னதும் கொடுத்துவிட்டார்கள். மாறி வருகிறவர்கள் கவனிக்க வேண்டிய இன்னொன்று எமிஸ், பள்ளிக் கல்வித் துறை மாணவர் விவரங்களை வைத்திருக்கும் ஆன்லைன் பதிவு. பழைய பள்ளி பிள்ளையின் எமிஸ் எண்ணைத் தன் பட்டியலிலிருந்து விடுவித்து காமன் பூல் என்ற பொதுப் பட்டியலுக்குத் தள்ளிவிட்டால்தான் புதிய பள்ளி எடுத்துக்கொள்ள முடியும். டி.சி. கையில் இருந்தும் இது ஆகாமல் அலைகிறவர்கள் நிறைய. அங்கிருந்து கிளம்பும் முன்பே கேட்டு முடித்துவிடுங்கள்.

எந்த வழியில் சேர்ப்பது என்பதில்தான் வீட்டில் பெரிய பேச்சு. பெரியவள் இதுவரை ஆங்கில வழியில் படித்தவள், அதனால் அவளை அந்தப் பிரிவிலேயே சேர்த்தோம். சின்னவனைத் தமிழ் வழியில் சேர்க்கலாம் என்றேன். மாமியாருக்குச் சம்மதமில்லை. "அக்கா இங்கிலீஷ், தம்பி தமிழா? நாளைக்கு அவன் உன்னைத்தான் கேப்பான்" என்றார். அவர் பயம் எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் வீட்டில் பேசுகிற மொழியில் எழுத்துக் கூட்டி வாசிக்கக் கற்றுக்கொண்ட பிள்ளைக்கு இன்னொரு மொழி பிற்பாடு வரும் என்று நான் நம்புகிறேன். நானும் எட்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்துத்தான் இன்று ஆங்கிலத்தில் பாலிசி ஆவணங்களைத் திருத்துகிறேன். தொடக்க வகுப்புகளில் வாசிப்பையும் கணக்கையும் பழக்கும் அரசின் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளின் நிலையைப் பிரித்துச் சொல்லிக்கொடுக்கிறார்கள். சின்னவன் அரும்பில் தொடங்கினான். இப்போது பஸ் போர்டில் இருந்து பரோட்டாக் கடை போர்டு வரை எல்லாவற்றையும் நடுரோட்டில் நின்று வாசிக்கிறான், இழுத்துக்கொண்டு போக வேண்டியிருக்கிறது.

ஆகஸ்ட் 26ஆம் தேதி காலை உணவுத் திட்டம் நகர்ப்புறத்து உதவி பெறும் பள்ளிகளுக்கும் வந்தது. வீட்டில் இட்லி சாப்பிட்டுவிட்டுப் போகிறவன், புதன்கிழமை மட்டும் "வேணாம், இன்னைக்கு ஸ்கூல்ல பொங்கல்" என்று கிளம்பிவிடுகிறான். இஸ்திரி அண்ணன் மகனும் இவனும் பக்கத்துப் பக்கத்துத் தட்டு. எனக்கு அதில் சந்தோஷம்.

எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்ல மாட்டேன். பெரியவளின் வகுப்பில் ஆங்கிலம் பேசப் பழக்குவது குறைவு. கம்ப்யூட்டர் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை. சுயநிதிப் பிரிவின் ஆசிரியைகளுக்குச் சம்பளம் குறைவு, டிசம்பரில் ஒருவர் வேறு பள்ளிக்குப் போய்விட்டார், சில வாரம் இரண்டு வகுப்புகளைச் சேர்த்து உட்கார வைத்தார்கள். நடப்பதும் சுகமான நடை இல்லை, பிளாட்பாரம் என்று ஒன்று கிடையாது, எதிர்த்திசையில் பைக் வரும், மழைக்காலத்தில் குழி எது ரோடு எது என்று தெரியாது. காலையில் நான் விடுகிறேன், மாலையில் வீட்டுக்காரர் கூட்டி வருகிறார், அவர் வீட்டிலிருந்தே வேலை பார்ப்பதால் இது முடிகிறது. இரண்டு பேரும் ராத்திரி எட்டு மணிக்குத் திரும்புகிற வீட்டில் வேன்தான் வழி, அதற்கு நான் என்ன சொல்ல முடியும். ஆனால் எங்கள் பிள்ளைகள் நாலரை மணிக்கு வீட்டில் இருக்கிறார்கள். பெரியவளோடு ராத்திரி ஆங்கிலக் கதைப் புத்தகம் வாசிக்க எனக்கும் அவளுக்கும் தெம்பு இருக்கிறது. பள்ளி கொடுக்காததைக் கொடுக்கிற நேரம் எங்கள் கையில் மிச்சம் இருக்கிறது, அந்த நேரத்தைக் கொடுத்தது அந்தப் பள்ளியின் தூரம்தான்.

நல்ல தலைமை ஆசிரியை உங்களுக்கு அமைந்துவிட்டார், எல்லா இடத்திலும் அப்படியா என்று என் தம்பி கேட்டான். இல்லை. அதே வட்டாரத்தில் நான் பார்த்த இன்னொரு பள்ளியில் பதினொரு மணிக்கு வகுப்பில் ஆசிரியர் இல்லை, பிள்ளைகள் ஜன்னலில் தொங்கிக்கொண்டிருந்தார்கள். அங்கே என் பிள்ளைகளை விட்டிருக்க மாட்டேன். நான் சொல்வது, சிபிஎஸ்இயா ஸ்டேட் போர்டா, ஸ்மார்ட் போர்டு உண்டா என்ற பட்டியலை எடுப்பதற்கு முன்னால், ஒரு கிலோமீட்டருக்குள் இருக்கிற எல்லாப் பள்ளிகளையும், பெயர்ப் பலகை மங்கிப் போனதையும் சேர்த்து, போய்ப் பாருங்கள் என்பதுதான். பள்ளி விடுகிற நேரத்தில் போங்கள். கடைசிப் பிள்ளை போகிற வரைக்கும் நில்லுங்கள்.

இந்தப் பள்ளி ஐந்தாம் வகுப்பு வரைக்கும்தான். பெரியவளுக்கு இன்னும் ஒரு வருடம் இருக்கிறது, வீட்டில் இப்போதே ஆறாம் வகுப்புப் பேச்சு தொடங்கிவிட்டது. மருத்துவப் படிப்பில் 2020இல் கொண்டு வந்த 7.5 சதவீத உள் ஒதுக்கீடு ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குத்தான், உதவி பெறும் பள்ளிக்குக் கிடையாது, அதனால் அரசு மகளிர் பள்ளியில் சேர்க்க வேண்டும் என்கிறார் வீட்டுக்காரர். பத்து வயதுப் பிள்ளைக்கு இப்போதே டாக்டர் சீட்டை வைத்து முடிவெடுக்க எனக்கு மனசில்லை, ஆனால் அவர் சொல்வதைத் தள்ளிவிடவும் முடியவில்லை. பெரியவள் தன் கூட்டாளிகள் போகிற பள்ளிக்குத்தான் போவேன் என்கிறாள். அது மூன்று கிலோமீட்டருக்குள் இருக்கிறது, பஸ்ஸில் இரண்டு ஸ்டாப், ஆனால் மெட்ரோ வேலை நடக்கும் பெரிய சாலையைக் கடக்க வேண்டும். அடுத்த வாரம் ஒரு நாள் பெர்மிஷன் போட்டுவிட்டு, அங்கே பள்ளி விடுகிற நேரத்தில் போய் நிற்கப் போகிறேன். யாராவது தங்கள் பெண் பிள்ளைகளை அயனாவரம், பெரம்பூர் பக்கம் ஆறாம் வகுப்புக்குச் சேர்த்திருந்தால், அந்தச் சாலையை எப்படிக் கடக்கிறார்கள் என்று எனக்கு எழுதுங்கள்.